ஏற்றிய படங்கள் செயலிக்கு வெளியே: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன விடுதிக்குச் சில வருடங்களுக்கு முன் இணையத்தளம் செய்து கொடுத்தேன். விடுதிக்கார அண்ணை போனில் எடுத்த அறைப் படங்களைத் தானே ஏற்றுவார். அறை பதிகிறவர்கள் கடவுச்சீட்டுப் பிரதியையும் அதிலேயே அனுப்புவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விலைப் பட்டியலில் இருந்த சின்னப் பிழை ஒன்றைத் திருத்தி, புதிய வார் கோப்பை (ஜாவாச் செயலி முழுவதையும் ஒன்றாகக் கட்டிய பொதி) டொம்கட்டில் (அதை ஓட்டுகிற சேர்வர்) போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்க எழும்பினேன். தேத்தண்ணி ஆற முதல் போன் அடித்தது.

"தம்பி, றூம் படம் ஒண்டையும் காணேல்லை. என்ன செய்தனீர்?"

ஏப்ரல் மாதம், சீசன் தொடங்குகிற நேரம் வேறு. நடந்தது இதுதான். வார் கோப்பை டொம்கட் விரித்து வைக்கிற கோப்புறைக்குள்ளேயே படங்களையும் எழுத விட்டிருந்தேன். புதிய வார் வந்ததும் டொம்கட் பழைய விரிப்பை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக விரிக்கும். அது அதன் வேலை. பிழை என்னுடையது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற அநேகம் பேர் இதைத்தான் செய்கிறார்கள். மடிக்கணினியில் எழுதிப் பார்க்கும்போது கைக்கு எட்டுகிற இடம் அதுதான், படமும் உடனே தெரியும். டொக்கரில் ஓட்டுகிறவர்களுக்கும் கதை இதேதான். கன்டெய்னரை அழித்துப் புதிதாக எழுப்பினால் அதற்குள் எழுதியது போய்விடும். கிட்டில் இருந்து இழுத்து ஓட்டுகிற பிஎச்பி தளத்தில் உடனே போகாது. ஆனால் ஒரு நாள் யாராவது ஒருவர் இடத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று, கிட்டில் சேராத கோப்புகளை அழிக்கிற 'கிட் கிளீன்' கட்டளையை அடிப்பார்.

சீனக்குடாப் பக்கம் போனவர்கள் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள், மொத்தம் 99. கப்பல் வரும், போகும், பழசானால் உடைத்தும் விற்பார்கள். எண்ணெய் கரையில் தாங்கிக்குள் இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய். செயலியைக் கப்பலாக நினையுங்கள். இந்தக் கட்டுரை அந்தக் குழாயைப் போடுகிற வேலையைப் பற்றியது.

உபுண்டு, முன்னால் கோரிக்கைகளை முதலில் வாங்குகிற என்ஜின்எக்ஸ் சேர்வர், பின்னால் டொம்கட்டில் ஓடுகிற ஸ்பிரிங் செயலி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிஎச்பி, ஜாங்கோ என்று வேறு எதில் எழுதினாலும் தொண்ணூறு வீதம் இதேதான். கட்டளைகளையும் கோப்புறைப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் பிரியுங்கள்

கணினியைத் தொட முதல் ஒரு கடதாசியில் எழுதுங்கள்: உங்கள் தளத்தில் ஆட்கள் என்னென்ன ஏற்றுகிறார்கள், ஒவ்வொன்றையும் யார் பார்க்கலாம்? விடுதித் தளத்தில் இரண்டு வகை இருந்தது. அறைப் படங்களை உலகமே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கடவுச்சீட்டுப் பிரதியை அந்த ஆளும் விடுதிக்காரரும் மட்டும் பார்க்கலாம். இந்த இரண்டும் ஒரே கோப்புறையில் கிடந்தால், பிறகு எவ்வளவு கவனமாகக் கொன்பிக் எழுதினாலும் எங்காவது கசியும். ஆகவே பொது ஒன்று, தனி ஒன்று என்று முதல் நாளே இரண்டு கோப்புறை.

"முகவரி யாருக்கும் தெரியாதுதானே, எப்படிப் பார்ப்பார்கள்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முகவரி வட்ஸ்அப்பில் போகும், பிரவுசர் வரலாற்றில் கிடக்கும், சேர்வர் பதிவிலும் இருக்கும். தெரியாத முகவரி பூட்டு ஆகாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. அடுத்தவரின் கடவுச்சீட்டை வாங்கி வைக்கிறவர் அதை ஒருக்காவது வாசித்துப் பார்ப்பது நல்லது.

எங்கே வைப்பது

லினக்ஸில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு: எஸ்ஆர்வி கோப்புறை. இந்த இயந்திரம் வெளியே பரிமாறுகிற தரவு அங்கே இருக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். நான் வைப்பது இப்படி:

/எஸ்ஆர்வி/விடுதி/பொது/
/எஸ்ஆர்வி/விடுதி/தனி/
/எஸ்ஆர்வி/விடுதி/வரவு/

மூன்றாவது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வைக்கக்கூடாத இடங்களும் உண்டு. டெம்ப் கோப்புறை வேண்டாம், சேர்வரை மறுதொடக்கம் செய்தால் துடைத்துவிடும். உங்கள் ஹோம் கோப்புறையும் வேண்டாம். உபுண்டு 21.04இல் இருந்து புதிய ஹோம் கோப்புறைகள் 750 அனுமதியோடுதான் உருவாகின்றன, என்ஜின்எக்ஸ் அதன் வாசலையே தாண்டாது. டொம்கட்டின் வெப்அப்ஸ் கோப்புறைக்குள் தனியாக ஒரு கோப்புறை போட்டு வைக்கலாமே என்றும் தோன்றும். டொம்கட் அதைத் தனிச் செயலி என்று நினைத்து ஏற்றும், அதுவும் வேண்டாம்.

இந்தப் பாதையைக் குறியீட்டில் நேரே எழுதாதீர்கள். செயலியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக வையுங்கள். மடிக்கணினியில் ஒரு பாதை, சேர்வரில் ஒரு பாதை என்றுதான் இருக்கும்.

வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி அதில் வைக்கிறவர்களுக்கு ஒரு சொல். ஒபிஸில் சொந்தமாகக் கணினி வைத்து ஓட்டினால் கரண்ட் போய் வரும். வரும்போது டிஸ்க் மவுன்ட் ஆகாமல் (அதன் கோப்புறையோடு இணையாமல்) விட்டால், அந்தப் பெயரில் வெறும் கோப்புறை ஒன்று அங்கே இருக்கும், செயலி சந்தோசமாக அதற்குள் எழுதிக்கொண்டிருக்கும். பிறகு டிஸ்க் மவுன்ட் ஆனதும் இடையில் எழுதியதெல்லாம் மறைந்துவிடும். அழிந்திருக்காது, டிஸ்க்குக்கு அடியில் கிடக்கும், ஆனால் அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள் தலை வெடிக்கும். டிஸ்க்கின் உள்ளே ஓர் அடையாளக் கோப்பை வைத்து, செயலி தொடங்கும்போது அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

அனுமதி: நேரம் அதிகம் போகிற இடம்

எங்களிடம் பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருத்தி ஒரு பின்னேரம் முழுக்க இதில் மாட்டுப்பட்டாள். "அண்ணா, படம் அங்க இருக்குது, நான் கண்ணால பாக்கிறன். பிரவுசரில மட்டும் 403 எண்டு வருது." 403 என்றால் பார்க்க அனுமதி இல்லை என்று அர்த்தம். அவள் சொன்னது உண்மைதான், படம் இருந்தது. ஆனால் பார்த்தது அவளுடைய கண். என்ஜின்எக்ஸுக்கு வேறு கண்.

இங்கே இரண்டு ஆட்கள். எழுதுகிறவர் டொம்கட் என்ற பயனர், வாசிக்கிறவர் என்ஜின்எக்ஸ் ஓடுகிற பயனர். உபுண்டுவில் அவருக்குப் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. கோப்புறைக்கு உரிமையாளராக டொம்கட்டையும் குழுவாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவையும் வைத்து, அனுமதியை 2750 என்று போடுங்கள். 7 எழுதுகிறவருக்கு, 5 வாசிக்கிறவருக்கு, 0 மற்ற எல்லாருக்கும். முன்னால் நிற்கிற 2தான் விசயம். அது இருந்தால் உள்ளே புதிதாக உருவாகிற ஒவ்வொரு கோப்பும் அந்தக் குழுவையே எடுத்துக்கொள்ளும். டொம்கட்டின் வழமையான உமாஸ்க் (புதிய கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்கிற எண்) 0027, ஆகவே கோப்புகள் 640 ஆக வரும், குழு வாசிக்கலாம். சிலர் அவசரத்தில் 777 போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அந்த இயந்திரத்தில் ஓடுகிற எல்லா நிரலும் கடவுச்சீட்டை வாசிக்கலாம், மாற்றவும் செய்யலாம் என்பதற்கு அது நீங்கள் கொடுக்கிற கையெழுத்து.

தங்கச்சியின் சிக்கல் இதையும் தாண்டியது. கோப்புறை அனுமதி எல்லாம் வடிவாக இருந்தது, படத்துக்கு மட்டும் 600 என்று இருந்தது. அவள் எழுதிய குறியீடு முதலில் ஜாவாவின் தற்காலிகக் கோப்பு வசதியால் டெம்ப்பில் ஒரு கோப்பை உருவாக்கி, எழுதி முடிந்ததும் பொதுக் கோப்புறைக்கு நகர்த்தியது. ஜாவா தற்காலிகக் கோப்பை உரிமையாளர் மட்டும் வாசிக்கக்கூடிய மாதிரித்தான் உருவாக்கும். நகர்த்தினால் அந்த 600உம் பழைய குழுவும் கூடவே வந்துவிடும். முன்னால் இருக்கிற 2 உருவாக்கும்போதுதான் வேலை செய்யும், நகர்த்தும்போது செய்யாது.

'வரவு' கோப்புறை இதற்குத்தான். பாதி ஏறிய கோப்பை யாரும் பார்க்கக்கூடாது, ஆகவே முதலில் வேறு இடத்தில் எழுதி முடித்துவிட்டு நகர்த்துவது நல்ல பழக்கம். ஆனால் அந்த வேறு இடம் அதே டிஸ்க்கில், அதே 2750க்குக் கீழே இருக்கட்டும். தற்காலிகக் கோப்பு வசதியைப் பாவிக்காமல் சாதாரணமாகவே ஒரு கோப்பை அங்கே உருவாக்கி எழுதுங்கள். ஒரே டிஸ்க் என்றால் நகர்த்தல் என்பது வெறும் பெயர் மாற்றம், கண் மூடித் திறக்கிறதுக்குள் முடிந்துவிடும்.

403ஓ 404ஓ வந்தால் ஊகிக்காமல் என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவைத் திறந்து பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 13 என்றால் அனுமதி இல்லை, 2 என்றால் அந்த இடத்தில் கோப்பே இல்லை. 13 என்றால் 'நேம்ஐ' என்ற கட்டளையை 'எல்' தெரிவோடு முழுப் பாதைக்கும் ஓட்டுங்கள். ரூட்டில் இருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். நடுவில் ஒரு கோப்புறைக்கு உள்ளே போகிற அனுமதி இல்லையென்றாலும் 403தான். கடைசிக் கோப்பை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

எழுதவே முடியவில்லை, ஆனால் அனுமதி எல்லாம் சரி என்றால் சேவைகளைத் தொடங்கி நடத்துகிற சிஸ்டம்டியைச் சந்தேகியுங்கள். உபுண்டுவின் பொதியாக வருகிற டொம்கட்டைச் சுற்றி அது ஒரு வேலி போட்டிருக்கும், குறிப்பிட்ட சில கோப்புறைகளில் மட்டும் எழுத விடும். சேவையின் அமைப்பில் 'ரீட்ரைட்பாத்ஸ்' என்ற வரியில் உங்கள் பாதையைச் சேர்த்து, டொம்கட்டை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பெயரை நீங்கள் வையுங்கள்

ஏற்றுகிறவர் தருகிற பெயரில் கோப்பைச் சேமிக்காதீர்கள். பெயருக்குள் இரண்டு புள்ளியும் சாய்கோடும் வைத்து, மேலே ஏறி வேறு கோப்புறையில் எழுதப் பார்க்கிறவர்கள் இருப்பது ஒரு காரணம். 'ஐஎம்ஜி 0001' என்ற பெயரில் இரண்டு பேர் ஏற்றினால் ஒன்றை மற்றது விழுங்குவது இன்னொன்று. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இதை ஆங்கில வழிகாட்டிகளில் காணமாட்டீர்கள்.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். திருகோணமலை. கண்ணுக்கு ஆறு எழுத்து, ஒருங்குறியில் 10 குறியீடு: த, இகரக்குறி, ர, உகரக்குறி, க, ஓகாரக்குறி, ண, ம, ல, ஐகாரக்குறி. யூடிஎப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 30. ஆனால் 'கோ'வில் வருகிற அந்த ஓகாரக்குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்தும் எழுதலாம். பிரித்து எழுதினால் 11 குறியீடு, 33 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். லினக்ஸ் கோப்பு முறைமைக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். மக் கணினியில் இருந்து வருகிற பெயர்கள் சில வேளை பிரித்து எழுதியவையாக இருக்கும். தரவுத்தளத்தில் சேர்ந்த 'கோ', டிஸ்க்கில் பிரிந்த 'கோ' என்று ஆகிவிட்டால், கோப்பு கண்முன்னே இருக்கும், 404 வந்துகொண்டே இருக்கும்.

நீளமும் உண்டு. ஈஎக்ஸ்டி4 முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். ஆங்கிலத்தில் அது தாராளம். தமிழில் 85 குறியீட்டோடு முடிந்துவிடும், புள்ளியும் கொம்பும் காலும் சேர்த்து எண்ணி. "நிலாவெளி கடற்கரை விடுதி முதலாம் மாடி" என்று தொடங்கி வசனமாகப் பெயர் வைக்கிறவர்கள் அதைத் தொட்டுவிடுவார்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பெயர்கள் வேறு, ஒருங்குறியில் பார்த்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் யூயூஐடி (இன்னொன்றோடு மோதாத அடையாளக் குறி) ஒன்றை உருவாக்கி, 36 எழுத்தில் வருகிற அதையே பெயராக வையுங்கள். ஏற்றியவர் தந்த பெயரை என்எப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, தரவுத்தளத்தில் ஒரு பத்தியில் வையுங்கள். பக்கத்தில் வகை, அளவு, யார் ஏற்றியது, எப்போது. முழுப் பாதையையோ முழு இணைய முகவரியையோ தரவுத்தளத்தில் எழுதாதீர்கள், நாளைக்கு டிஸ்க்கோ டொமைனோ மாறினால் ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டிவரும். யூயூஐடி மட்டும் போதும். கோப்புகள் ஆயிரக்கணக்கில் சேரும் என்றால் யூயூஐடியின் முதல் இரண்டு எழுத்தைக் கோப்புறையாக்குங்கள், 256 கோப்புறைகளாகத் தானே பிரிந்துவிடும்.

அளவு

இது சின்ன விசயம், ஆனால் முதல் நாளே இடிக்கும். போன் படம் ஒன்று சாதாரணமாக 3, 4 எம்பி இருக்கும். என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி, தாண்டினால் 413 என்று திருப்பி அனுப்பும். ஸ்பிரிங் பூட்டும் ஒரு கோப்புக்கு 1 எம்பி, முழுக் கோரிக்கைக்கு 10 எம்பி என்றுதான் தொடங்கும். பிஎச்பியில் 2உம் 8உம். இந்த வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்துத் திறவுங்கள். 413 என்றால் முன்வாசல், கோரிக்கை செயலி வரைக்கும் வரவே இல்லை.

பொதுப் படங்களுக்குக் குழாய்

இனி என்ஜின்எக்ஸ். பொதுப் படங்களுக்குச் செயலியே தேவையில்லை, நேரே டிஸ்க்கில் இருந்து கொடுக்கலாம்.

லொக்கேஷன் ^~ /படங்கள்/ {
    அலியாஸ் /எஸ்ஆர்வி/விடுதி/பொது/;
}

அலியாஸும் ரூட்டும் ஒன்றல்ல. ரூட் போட்டால் முகவரியில் உள்ள 'படங்கள்' என்ற சொல்லையும் பாதையில் ஒட்டித் தேடும். அலியாஸ் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் உங்கள் பாதையை வைக்கும். 404 வருகிற புதியவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

'படங்கள்' என்பதற்குப் பின்னால் இருக்கிற அந்தச் சாய்கோட்டைத் தயவுசெய்து விடாதீர்கள். மேலே சாய்கோடு இல்லாமல், கீழே அலியாஸில் சாய்கோட்டோடு எழுதினீர்கள் என்று வையுங்கள். ஒருவன் /படங்கள்../தனி/ என்று தொடங்குகிற முகவரியைக் கேட்டால், என்ஜின்எக்ஸ் 'படங்கள்' வரை வெட்டி, மிச்சத்தைப் 'பொது/' என்பதோடு ஒட்டும். வருவது பொது/../தனி/. பொதுவில் இருந்து ஒரு படி மேலே ஏறித் தனிக்குள் இறங்கியாயிற்று, கடவுச்சீட்டுகள் அத்தனையும் வெளியே. 'படங்கள்..' என்பது சாதாரணப் பெயர்போல இருப்பதால் பிரவுசரும் அதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பும். ஒரு சாய்கோடு.

அந்த ^~ குறி எதற்கு? பல தளங்களில் ஜேபெக், பிஎன்ஜி என்று முடிகிற எல்லாவற்றுக்கும் கேஷ் நேரம் (பிரவுசர் தன் கொப்பியை வைத்திருக்கிற காலம்) வைக்க ரெகெக்ஸில், அதாவது எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கிற முறையில், எழுதிய ஒரு தொகுதி இருக்கும். ரெகெக்ஸ் சாதாரண லொக்கேஷனை முந்திவிடும், உங்கள் அலியாஸைப் பார்க்காமலேயே படத்தை வேறு இடத்தில் தேடும். ^~ போட்டால் இங்கே பொருந்தியதும் ரெகெக்ஸ் பக்கம் போகாது.

யூயூஐடி பெயரில் இருக்கிற கோப்பு ஒருபோதும் மாறாது, மாறினால் புதிய பெயர் வரும். ஆகவே ஒரு வருடத்துக்கு, அதாவது 31536000 விநாடிக்கு, கேஷ் பண்ணச் சொல்லலாம். நிலாவெளியில் டேட்டா காசு கொடுத்துப் படம் பார்க்கிற ஆளுக்கு அது உதவும். எழுதி முடித்ததும் 'என்ஜின்எக்ஸ் -டி' அடித்துச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

தனிக் கோப்புகளுக்குக் காவல்

கடவுச்சீட்டுக்கு நேர்க்குழாய் போட முடியாது. கேட்கிற ஆள் யார் என்று செயலி பார்க்க வேண்டும். ஆனால் பார்த்த பிறகு கோப்பைச் சுமந்து கொடுக்கிற வேலை செயலிக்கு எதற்கு? என்ஜின்எக்ஸிடம் அதற்கு அழகான ஓர் ஏற்பாடு இருக்கிறது.

லொக்கேஷன் /உள்வழி/ {
    இன்டர்னல்;
    அலியாஸ் /எஸ்ஆர்வி/விடுதி/தனி/;
}

'இன்டர்னல்' என்றால் வெளியில் இருந்து யாரும் இந்த முகவரியை நேரே கேட்க முடியாது, கேட்டால் 404. வாடிக்கையாளர் கேட்பது செயலியின் சாதாரண முகவரி ஒன்றை. செயலி லாகினைப் பார்க்கும், தரவுத்தளத்தில் இந்த யூயூஐடி இவருடையதா என்று பார்க்கும். சரி என்றால், வெறும் உடலோடு ஒரு பதிலை அனுப்பும், அதன் தலைப்பில் 'எக்ஸ்-ஆக்செல்-ரீடிரெக்ட்' என்று /உள்வழி/யில் தொடங்குகிற முகவரி இருக்கும். என்ஜின்எக்ஸ் அந்தத் தலைப்பைக் கண்டதும் அதை வெளியே விடாமல் எடுத்துக்கொண்டு, கோப்பைத் தானே கொடுக்கும். ஒபிஸ் வாசலில் பெயர் பதிகிற ஐயா துண்டு எழுதித் தருவார், கோப்பை எடுத்துத் தருகிறவர் உள்ளே வேறு ஆள். அதே முறைதான். தலைப்பில் எழுத வேண்டியது இந்த முகவரியைத்தான், டிஸ்க்கின் முழுப் பாதையை அல்ல. அங்கே குழம்பி ஒரு மணித்தியாலம் தொலைத்தவன் நான்.

அதே பதிலில் இன்னும் மூன்று தலைப்பு வையுங்கள். உள்ளடக்க வகை. கேஷ் கன்ட்ரோலில் 'பிரைவேட், நோ-ஸ்டோர்'. கன்டென்ட் டிஸ்பொசிஷனில் கோப்பின் மூலப் பெயர். தமிழ்ப் பெயரை அங்கே அப்படியே போட்டால் சில பிரவுசரில் கோடும் கேள்விக்குறியுமாகத்தான் இறங்கும். 'பைல்நேம்' என்பதற்குப் பின்னால் உடுக்குறி போட்டு, யூடிஎப்-8 என்று அறிவித்து, விழுக்காட்டுக் குறியில் குறியேற்றி எழுத வேண்டும். கையால் செய்ய வேண்டாம், ஸ்பிரிங்கிலும் ஜாங்கோவிலும் இதற்கு ஆயத்தமாகவே வசதி இருக்கிறது.

முன்னால் அப்பாச்சி வைத்திருக்கிறவர்கள் எக்ஸ்-சென்ட்பைல் மொடியூலைப் போட்டுக்கொள்ளலாம், கொள்கை இதேதான். டொம்கட் மட்டும், முன்னால் ஒன்றுமே இல்லை என்றால் பொதுப் படங்களுக்குக் கன்டெக்ஸ்ட் ஒன்றை எழுதி அதன் டொக்பேஸில் வெளிப் பாதையைக் கொடுங்கள். தனிக் கோப்புகளைச் செயலியே ஓடையாக வாசித்துக் கொடுக்கட்டும். முழுக் கோப்பையும் நினைவகத்துக்கு ஏற்றிவிட்டுக் கொடுக்காதீர்கள், பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் சேர்வர் படுத்துவிடும். வீடியோ இருந்தால் பைட் வீச்சுக் கோரிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டும், ஐபோனின் சபாரி அது இல்லாமல் வீடியோவை ஓட்டாது. என்ஜின்எக்ஸ் இதையெல்லாம் கேட்காமலேயே செய்யும். அதனால்தான் முன்னால் ஒன்று இருக்கட்டும் என்கிறேன்.

லாரவெல் ஆட்கள் 'ஸ்டோரேஜ் லிங்க்' கட்டளையால் பொதுக் கோப்புறைக்குள் ஒரு இணைப்பைப் போட்டுக்கொள்வார்கள். பொதுப் படங்களுக்கு அது போதும். கடவுச்சீட்டை அதற்குள் வைக்காதீர்கள்.

வருகிறதை நம்பாதீர்கள்

பெயர் ஜேபெக் என்று முடிவதாலோ, பிரவுசர் 'படம்' என்று சொல்வதாலோ அது படமாகிவிடாது. முதல் சில பைட்டை வாசித்துப் பார்க்க வேண்டும். பிடிஎப் என்றால் விழுக்காட்டுக் குறியும் அதன் பெயருமாகத் தொடங்கும், படங்களுக்கும் அப்படி அடையாளம் உண்டு. படமென்றால் இன்னும் ஒரு படி மேலே போய், திறந்து புதிதாக எழுதிச் சேமிப்பதுதான் என் விருப்பம். மறைத்து வைத்த குப்பை அதில் உதிர்ந்துவிடும். போன் படத்துக்குள் இருக்கிற ஜிபிஎஸ் இடக்குறிப்பையும் எழுதாமல் விட்டுவிடலாம். தன் வீட்டு வாசலில் எடுத்த படத்தை ஏற்றுகிறவருக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரியாது. ஐபோனின் எச்ஈஐசி படங்களையும் அந்த நேரத்திலேயே ஜேபெக்காக மாற்றிவிடலாம்.

எஸ்விஜியை ஏற்காதீர்கள். பார்க்கப் படம், உள்ளே ஸ்கிரிப்ட் ஓடும். எச்டிஎம்எல்லும் அப்படித்தான், உங்கள் டொமைனில் இருந்து போனால் உங்கள் வாடிக்கையாளரின் லாகினையே தொடும். இரண்டு கோப்புறைக்கும் 'நோஸ்னிப்' தலைப்பைச் சேர்த்துவிடுங்கள், பிரவுசர் தானாக வகையை ஊகிக்காது. கூகிள் மாதிரிப் பெரிய இடங்கள் ஆட்கள் ஏற்றியதை வேறு டொமைனிலேயே வைத்துக் கொடுப்பது இதற்காகத்தான். சின்னத் தளத்துக்கு அது கட்டாயமில்லை. பிஎச்பி தளம் என்றால் ஏற்றுகிற கோப்புறையில் பிஎச்பி ஓடவே கூடாது. செயலிக்கு வெளியே வைத்ததில் அந்த ஆபத்து பெரும்பாலும் தானாகவே போய்விடுகிறது.

சோதனையும் பேக்அப்பும்

ஒரு படத்தை ஏற்றுங்கள், தெரிகிறதா பாருங்கள், பிறகு செயலியைப் புதிதாகப் போடுங்கள். இன்னும் தெரிகிறதா? கடவுச்சீட்டு முகவரியைக் கொப்பி பண்ணி, லாகின் இல்லாத வேறு பிரவுசரில் ஒட்டுங்கள். இன்னொரு வாடிக்கையாளராக லாகின் பண்ணியும் ஒட்டிப் பாருங்கள், இதைத்தான் ஆட்கள் மறப்பது. /உள்வழி/யை நேரே கேளுங்கள். அந்த இரண்டு புள்ளி முகவரியையும் கேளுங்கள். தமிழ்ப் பெயர்க் கோப்பு ஒன்றை இறக்கிப் பாருங்கள். கால் மணித்தியால வேலை.

பேக்அப்பில் வரிசை முக்கியம். முதலில் தரவுத்தளத்தை எடுங்கள், அதற்குப் பிறகு ஆர்சிங்க் கொண்டு கோப்புகளை எடுங்கள். இடையில் யாராவது ஏற்றினால் பேக்அப்பில் ஒரு கோப்பு கூடுதலாக இருக்கும், தீங்கில்லை. மாறி எடுத்தால் தரவுத்தளத்தில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது.

ஏற்கெனவே உள்ளே வைத்திருந்தால்

இதை வாசிக்கும்போது உங்கள் படங்கள் வெப்அப்ஸுக்குள்தான் இருக்கின்றன என்றால், அடுத்த வார் கோப்பைப் போட முதல் நிறுத்துங்கள். முதலில் அந்தக் கோப்புறையை அப்படியே வெளியே ஒரு கொப்பி எடுங்கள். நகர்த்த வேண்டாம், கொப்பிதான். பிறகு சின்னதாக ஒரு நிரல் எழுதி, தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் யூயூஐடி கொடுத்துப் புதிய இடத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் கிடைக்காதவற்றைத் தனிப் பட்டியலாக அச்சிடட்டும், அதில் பாதி அந்தக் 'கோ' மாதிரிச் சிக்கலாக இருக்கும். பழைய முகவரிகள் கூகிளிலும் பேஸ்புக்கிலும் கிடக்கும், அவற்றைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகுதான் புதிய வார்.

அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு கொப்பியும் இருக்கவில்லை. சனிக்கிழமை காலை உப்புவெளிக்குப் போய், அண்ணையோடு அறை அறையாக நடந்து, கட்டில் விரிப்பை இழுத்துச் சரி பண்ணி, எல்லாப் படத்தையும் திரும்ப எடுத்தேன். பதினொரு அறை.